பத்தொன்பது மைலுக்கு ஒரு நாயகன்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, மேடம். லாஸ் ஏஞ்சல்ஸில் இருபது வருடமாகக் குடியிருப்பவன் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்த ஊரில் வேலை இல்லாமல் பிழைப்பவர்கள் உண்டு, கார் இல்லாமல் பிழைப்பவர்கள் கிடையாது. நான் பேருந்தில்தான் போய்வருகிறேன். பாதித் திரைக்கதையைப் பேருந்தில் உட்கார்ந்தே எழுதிவிடுவேன்.

பெயர் கிளே ஹாஸ்கியூ, வயது நாற்பத்தாறு. உண்மைச் சம்பவங்களை எடுத்து, பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வெளியே போகிற மாதிரியான படங்களை எழுதுவது என் தொழில். நீங்கள் மிஸ் வெர்னெல் காட்ஸ்டனின் வழக்கறிஞர். நான் சொல்வதை அந்த மூலையில் இருக்கும் பெண் தட்டச்சு செய்கிறாள், கடைசியில் நான் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் புரிகிறது. நல்ல எண்ணத்தோடு செய்தவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

உண்மையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே இல்லை. 1951-ல், இங்கே ஜார்ஜியாவில், இதே டோபி க்ரீக் ஊரில், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மஞ்சள் பேருந்து இருந்தது. கறுப்பினப் பிள்ளைகள் படிக்க வேண்டிய உயர்நிலைப் பள்ளி பத்தொன்பது மைல் தள்ளி இருந்தது, பேருந்து இல்லை. இருபத்திரண்டு வயது மிஸ் வெர்னெல், யாரோ கழித்துப் போட்ட பழைய சவ வண்டி ஒன்றை வாங்கினார். எஞ்சினைத் தானே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டினார். சவப்பெட்டி வைக்கும் இடத்தில் இரண்டு பலகை போட்டு, பதினான்கு பிள்ளைகளை ஏற்றி, ஒன்பது வருடம் ஓட்டினார். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை.

தாமதம் ஆகாததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெற்கு மாநிலங்களில் சவ வண்டி எதிரே வந்தால் காரை ஓரம் கட்டிவிடுவார்கள். ஆண்கள் இறங்கித் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். திரை போட்ட கண்ணாடிக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. ஆகவே எட்டு மாதம், காலையும் மாலையும், ஊரிலுள்ள வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களெல்லாம் தலை குனிந்து நின்றார்கள். உள்ளே பதினான்கு பிள்ளைகள் வாய்பாடு ஒப்பித்துக்கொண்டு போனார்கள்.

எட்டாவது மாதம் ஒரு சிறுமி திரையை விலக்கி, தொப்பியும் கையுமாக நின்ற ஒரு நிலக்கடலை விவசாயிக்குக் கையசைத்துவிட்டாள். மரியாதைக்காகத்தான். அவர் பெயர் ஹாய்ட் ஸ்ட்ரிக்லண்ட்.

அதற்கப்புறம் வண்டியின் டயர்கள் கிழிய ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், தேவாலயத்தில் எல்லோரும் ஜெபத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும். மூன்று வாரம் நடந்தது. மிஸ் வெர்னெல் மூன்று வாரமும் ஞாயிறு மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து டயரை ஒட்டினார். திங்கள் காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. நான்காவது வாரம் கத்தி வழுக்கி ஹாய்ட்டின் உள்ளங்கையிலேயே இறங்கிவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் ஜெபம் நின்றுபோனது. மிஸ் வெர்னெல் ஓடி வந்தார், பார்த்தார், ஸ்டெப்னி டயரை மாட்டினார், அவரைப் பின்னால் படுக்க வைத்து, பன்னிரண்டு மைல் ஓட்டிப்போய் டாக்டர் வீட்டு வாசலில் இறக்கினார். அந்தச் சாலையில் இந்த வண்டியின் ரகசியம் தெரிந்தவர்கள் இல்லை, வழியெல்லாம் கார்கள் ஒதுங்கி நின்றன, ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

நல்ல கதை, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பிரதியை அப்படியேதான் எழுதினேன், அதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

தயாரிப்பாளர் ட்ரென்ட் பலூ அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தங்கமான மனிதர், நிறவெறி என்றால் அவருக்கு அறவே ஆகாது. அதைப் பற்றி ஏழு படம் எடுத்து ஏழிலும் லாபம் பார்த்தவர்.

"கிளே, படிச்சு அழுதுட்டேன்ப்பா. ஆனா ஒரு சின்ன விஷயம். இந்தக் கதையில நான் யாரு?"

"நீங்க இதுல இல்லையே சார்."

"அதான்ப்பா சொல்றேன். படம் பாக்கறவன் பாதிப் பேர் என்னைய மாதிரி இருப்பான். அவன் டிக்கெட் எடுத்துட்டு உள்ள வந்து, தன்னைத் தானே தேடுவான். டயரைக் கிழிக்கிறவனா போய் உக்காருவான்? ஒரு நல்ல வெள்ளைக்காரனைப் போடு. சின்னதா. ஓரமா நிக்கட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. ரே என்று ஒரு மெக்கானிக்கை எழுதினேன். இரண்டாவது பிரதியில் அவன் மிஸ் வெர்னெலுக்கு ஒரு ஸ்பார்க் பிளக் விற்கிறான், அவ்வளவுதான். மூன்றாவதில் காசு வேண்டாம் என்கிறான். நான்காவதில், கொடுத்ததுதான் கொடுத்தோம், மாட்டியும் விடுவோமே என்று மாட்டிவிடுகிறான். ஒரு மனிதன் நல்லவனாகிக்கொண்டே வரும்போது, இதோடு நில் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆராய்ச்சி செய்யவில்லை என்று உங்கள் மனுவில் இருக்கிறது. அது மட்டும் எனக்கு வருத்தம். நான் இங்கே வந்து மூன்று வாரம் தங்கினேன். மிஸ் வெர்னெல் என்னைத் தன் பிக்கப் வண்டியில் அந்தப் பத்தொன்பது மைலும் அழைத்துப் போனார். எண்பத்தேழு வயதில் அவர் ஓட்டிய ஓட்டில் நான் இரண்டு முறை இறங்கி வாந்தி எடுத்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது என்றதும் அவருக்குத் தாங்கவில்லை. வண்டியை ஒரு கடலைக் காட்டுக்குள் இறக்கி, என்னை ஸ்டீயரிங் பக்கம் தள்ளினார்.

"கிளட்சை மெதுவா விடு தம்பி. அது என்ன பாம்பா, இந்த மிதி மிதிக்கிற?"

வண்டி குதித்து நின்றது.

"பயப்படாத. வண்டிக்கு உன் பயம் தெரியும். இன்னொருவாட்டி."

பதினொரு முறை நிறுத்தினேன். அரை ஏக்கர் கடலை நாசமானது. அவர் கோபப்படவே இல்லை, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ராசா, நீ பேனாவே புடி," என்றார்.

ஐந்தாவது பிரதியில் ரே, மிஸ் வெர்னெலுக்குக் கடலைக் காட்டில் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கிறான். 'வண்டிக்கு உன் பயம் தெரியும்' என்று அவன் சொல்லும் இடத்தில் எல்லாத் தியேட்டரிலும் கைதட்டினார்கள். கற்பனை என்கிறீர்கள். இல்லை மேடம், நான் சாட்சி, என் கண்ணெதிரே நடந்தது. வசனத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆட்களை மட்டும் இடம் மாற்றி உட்கார வைத்தேன்.

அந்த மூன்று வாரத்தில்தான் இந்தச் சாலைப் பலகை விஷயமும் தெரிந்தது. அந்தப் பத்தொன்பது மைல் சாலைக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லி, அவருடைய தேவாலயத்துக்காரர்கள் நான்கு வருடமாக, மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் ஆணையர்களிடம் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிஸ் வெர்னெலுக்கு வேறு ஆசையே இல்லை. படத்துக்குத் தன் கதையைக் கொடுப்பதற்கு அவர் தயங்கியபோது நான்தான் சொன்னேன், படம் வந்தால் பலகை தானாக வரும் என்று. அதற்கு அவர் சொன்னது:

"எனக்கு இந்த சினிமா கினிமா எல்லாம் வேணாம் தம்பி. அந்த ரோட்டுல என் பேரு நிக்கணும். நான் அதைப் பாத்துட்டுப் போகணும். அது நடக்கும்னா சொல்லு, கையெழுத்துப் போடறேன்."

நடக்கும் என்றேன். நடக்கும் என்றுதான் நம்பினேன்.

இப்போது ரேயைப் பற்றி. ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. 'உண்மைக் கதை' என்று போட வேண்டுமானால், ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்டூடியோ வக்கீல் பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். ரே வருகிற நாற்பத்திரண்டு காட்சிக்கும் பக்கம் வெறுமையாக இருந்தது. ஆகவே நான் வெள்ளைக்காரர்களின் தேவாலயத்துக்குப் பின்னால் நடந்த கெளுத்தி மீன் விருந்துக்குப் போய், இனிப்புத் தேநீரைக் குடித்துக்கொண்டு, யதார்த்தமாக ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் காலத்தில் மிஸ் வெர்னெலுக்கு உதவிய வெள்ளைக்காரர் யாராவது உண்டா?

பதினொரு பேர் எழுந்தார்கள். பதினொரு பேருக்கும் அது அவரவர் தாத்தா. ஒருவருடைய தாத்தா எஞ்சினைச் சரிசெய்தார், இன்னொருவருடைய தாத்தா பெட்ரோல் கொடுத்தார், மூன்று தாத்தாக்கள் ஒரே கார்பரேட்டரைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டினார்கள். ஒரு அம்மாள் பக்கத்து மேசைக்காரரிடம், "ஒங்க தாத்தாவா? ஒங்க தாத்தா எங்க தாத்தாகிட்ட ஸ்பேனர் கடன் வாங்கிட்டுத் திருப்பியே தரல, அவரா வண்டி ரிப்பேர் பண்ணாரு?" என்று கேட்டுவிட, விருந்து கலைந்துபோனது. யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இந்த ஊரில் எல்லோருக்கும் நினைவு மட்டும் தங்கமானது.

மிஸ் வெர்னெலிடம் இதைச் சொன்னேன்.

"அத்தினி பேரு ரிப்பேர் பண்ணியிருந்தா, நான் எதுக்குய்யா ஒன்பது வருசம் வண்டிக்கு அடியில கெடந்தேன்? காத்து வாங்கவா?" என்றார்.

பதினொரு தாத்தாக்களையும் ஸ்டூடியோ வக்கீல் ஏற்கவில்லை. காகிதம் வேண்டும் என்றார். அந்த வண்டியையும் ஒரு வெள்ளைக்காரரையும் சேர்த்து எழுதிய காகிதம் இந்தக் கவுண்டியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டாக்டரின் நோயாளிப் பதிவேடு. 'ஹாய்ட் ஸ்ட்ரிக்லண்ட். சவ வண்டியின் டயரில் வேலையாக இருந்தபோது உள்ளங்கையில் வெட்டு. ஒன்பது தையல்.' டாக்டர் மரியாதை தெரிந்தவர், அப்படி எழுதியிருந்தார்.

ஸ்டூடியோ வக்கீல் அதைப் படித்துவிட்டு நெகிழ்ந்துபோனார். "பாவம், டயரை மாத்தப் போயி கையை அறுத்துக்கிட்டாரா மனுஷன்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

ரேயை ஹாய்ட் மேல் பொருத்திப் பாருங்கள், அச்சு அசலாகப் பொருந்தும். படத்தில் ரே சவ வண்டியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுகிறான். ஹாய்ட் கழற்றினார், எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஜெபத்தில் இருக்கும்போது ரே தனியாக வந்து வண்டியின் டயர் பக்கத்தில் மண்டியிடுகிறான். ஹாய்ட் மண்டியிட்டார், நான்கு வாரம். ரேயின் கையில் ரத்தம் வழிகிறது. ஹாய்ட்டுக்கும் வழிந்தது. ஒருவர் செய்ததற்குத்தான் எங்கள் தொழிலில் சான்று கேட்பார்கள். ஏன் செய்தார் என்பதற்குச் சான்று கேட்கும் வழக்கம் இல்லை.

வண்டியின் பின்னால் படுத்திருந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். படத்தில் காயம்பட்டுப் பின்னால் படுத்திருப்பவர் மிஸ் வெர்னெல், ஓட்டுபவன் ரே. முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. 'ரே இன்னும் ஓட்டலாம், அந்தப் பெண்ணைக் கொஞ்சம் குறைக்கலாம்' என்று நிறையப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே படத்தின் பின்பாதி முழுவதும் ரே ஓட்டுகிறான், மிஸ் வெர்னெல் சவப்பெட்டி வைக்கும் இடத்தில் உட்கார்ந்து பாடுகிறார். ஐந்து பாட்டு. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுந்தது.

அவருக்குப் பாட வராது என்பது எனக்குத் தெரியும். "கோயில்லயே என்னைய வாயை மட்டும் அசைக்கச் சொல்லிருக்காங்க" என்று அவரே சொன்னார். இப்போது கடையில் காய்கறி வாங்கும்போதுகூட ஜனங்கள் அவரை மடக்கி ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். அதைத் தொல்லை என்று உங்கள் மனு சொல்கிறது. நான் புகழ் என்பேன்.

கடைசிச் சிக்கல் புகைப்படத்தில் வந்தது. இந்த மாதிரிப் படம் முடியும்போது, நிஜ மனிதர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக வர வேண்டும். ஜனங்கள் அதற்காகத்தான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ட்ரென்ட் போனில் கத்தினார். "ரேயோட நெஜ போட்டோ எங்கப்பா? பொம்பளை போட்டோ வந்துருச்சு, வண்டி போட்டோ வந்துருச்சு, ஹீரோவைக் காணோமே."

ஹாய்ட்டின் புகைப்படம் என் அம்மாவிடம் இருந்தது.

ஆமாம். என் அம்மாவின் அப்பா. இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே மேடம், நான் ஒன்றும் மறைத்திருக்க மாட்டேன். நீங்கள் கேட்கவில்லை. அம்மா இந்த ஊரில் பிறந்தவர், பதினெட்டு வயதில் கிளம்பியவர் திரும்பவே இல்லை. தாத்தாவின் கையிலிருந்த தழும்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அதுவரை நான் கேள்விப்பட்ட கதையில் டயரைக் கிழித்தவருக்குப் பெயர் இல்லை; டாக்டரின் பதிவேட்டைப் பார்த்த அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அன்று ராத்திரி விடுதியில் உட்கார்ந்து அழுதேன், பொய் சொல்லவில்லை. காலையில் எழுந்து, ரேயைப் பற்றி இன்னும் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். மனது லேசாகிவிட்டது. புகைப்படத்தில் தாத்தா உள்ளங்கையில் கட்டோடு, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அதற்குக் கீழே 'நிஜ ரே, ஹாய்ட் ஸ்ட்ரிக்லண்ட்' என்று போட்டோம்.

முதல் காட்சிக்கு மிஸ் வெர்னெலை நானே கைப்பிடித்து அழைத்துப் போனேன். ஊதா நிறத் தொப்பி வைத்திருந்தார். ரே டயரை மாற்றும் இடத்தில் என் பக்கம் சாய்ந்து, "ஜாக்கைத் தப்பான எடத்துல குடுத்திருக்கான், வண்டி தலையில விழப்போவுது," என்றார். அப்புறம், "அந்தப் பாட்டுப் பாடற பொண்ணு யாரு, ரேயோட சம்சாரமா?" என்று கேட்டார். அது நீங்கள்தான் என்றேன்.

தாத்தாவின் படம் திரையில் வந்ததும் தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது. மிஸ் வெர்னெல் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ஹாய்ட்டு," என்றார். "இவனை நல்லாத் தெரியும். பன்னெண்டு மைலும் 'அம்மா, அம்மா'ன்னு கத்திட்டே வந்தான். ரத்தக்கறையைத் தொடைக்க ரெண்டு நாளாச்சு, பிள்ளைங்களை நின்னுக்கிட்டே கூட்டிட்டுப் போனேன்." பிறகு என்னைப் பார்த்து, "எனக்குக் கால் வலிக்குது. வீட்டுல விட்டுடு," என்றார். குரலில் கோபமே இல்லை. படம் அவருக்குப் பிடித்திருந்தது என்றே எடுத்துக்கொண்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஐந்து ஆணையர்களும் படத்தைப் பார்த்தார்கள், ஐந்து பேரும் அழுதார்கள், ஏழு வருடமாகத் தூங்கிய மனு நான்கே நாளில் ஏகமனதாக நிறைவேறியது. ஹாய்ட் ஸ்ட்ரிக்லண்ட் நினைவு நெடுஞ்சாலை. பலகை தயாராகிவிட்டது, மே மாதம் நட்டு வைக்கப்போகிறார்கள். படம் வந்தால் பலகை வரும் என்று நான் சொன்னேன், வந்துவிட்டது. பெயர் விஷயத்தில் எனக்கு அதிகாரம் இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ரே என்று ஒருவர் இல்லை. அந்த வண்டியை வாங்கியது, பழுது பார்த்தது, ஓட்டியது எல்லாம் மிஸ் வெர்னெல் ஒருவர்தான். டயரைக் கிழித்தது என் தாத்தா. தெரிந்தேதான் எழுதினேன். இதில் நான் கையெழுத்துப் போட்டால், ஆணையர்கள் பலகையை மாற்றியாக வேண்டும் என்கிறீர்கள். மிகவும் சரி. நிச்சயம் போடுவேன்.

இன்றைக்கு இல்லை.

பேனாவை வைத்துவிடுங்கள் மேடம், விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு வெள்ளைக்கார எழுத்தாளன், தன் சொந்தத் தாத்தாவின் குற்றத்தை ஊரறியச் சொல்லி, ஒரு கறுப்பினப் பெண்மணிக்கு நியாயம் வாங்கிக் கொடுக்கிறான். எவ்வளவு பெரிய கதை, பாருங்கள். ட்ரென்ட் கேட்டுவிட்டு அழுதார். நாற்பது பக்கம் முடித்துவிட்டேன். உங்களுக்கும் நல்ல பாத்திரம் இருக்கிறது. நீதிமன்ற வாசலில் என் தோளைத் தொட்டு, 'தைரியமா சொல்லுங்க சார்' என்கிறீர்கள். இந்த மாதிரி ஒரு கையெழுத்தை, செவ்வாய்க்கிழமை மதியம், ஏசி அறையில், இரண்டு பேர் முன்னால் போட்டுவிட்டால் காட்சி செத்துவிடும். மே மாதம், பலகையின் திரையை விலக்கும் நேரம், மழை பெய்ய வேண்டும், ஊரே நிற்க வேண்டும், நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வர வேண்டும். இது உண்மைக் கதை. நடந்தால்தான் எழுத முடியும்.

மிஸ் வெர்னெலுக்குத் தொண்ணூறு வயது, மருத்துவமனையில் இருக்கிறார், மே மாதம் வரை தாங்க மாட்டார் என்கிறீர்கள். அதை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டாம், மேடம். அவர் ஏப்ரலிலேயே இறந்துவிடுவது போலத்தான் எழுதியிருக்கிறேன்.